வலுதூக்கும் மேடையில் கவனத்தின் இடம்: இளவட்டக்கல் மரபோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

தச்சநல்லூர் இன்று திருநெல்வேலி மாநகராட்சியின் ஒரு மண்டலம். அங்குள்ள இளைஞர் வலுவைப் பழகும் இடம் உடற்பயிற்சிக் கூடம். எனினும் தாமிரபரணி நாட்டுக்கு எடை தூக்குதல் புதிதன்று. நெல்லை மாவட்டத்தின் தெற்கே, பணகுடியை அடுத்த வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி இருபாலருக்கும் நடைபெற்று வருகிறது. அதைக் கண்டு பழகியவர் பவர்லிஃப்டிங் எனப்படும் வலுதூக்கும் போட்டியைக் காண நேர்ந்தால் ஒரு வேறுபாட்டை உணர்வார். கல்லைத் தூக்குபவர் தம் விருப்பப்படி தூக்குகிறார். தண்டைத் தூக்குபவரோ பிறர் குரலுக்குக் காத்திருக்கிறார். வலுதூக்குதலில் மன ஒருமை என்பது பெரிதும் இக்காத்திருப்பைச் சார்ந்தது.

கல்லும் தண்டும்

இளவட்டக்கல் வழுவழுப்பானது, பிடி அற்றது. குந்தி அமர்ந்து, கல்லை அணைத்து, தொடைக்கு ஏற்றி, மார்பில் ஏந்தி நிமிர்ந்து, தோள்வழியே பின்புறம் வீழ்த்துவர். கூட்டத்தின் ஆரவாரம் தூக்குபவருக்குத் துணை. அதில் எந்தக் குரலையும் அவர் பிரித்துக் கேட்க வேண்டியதில்லை.

வலுதூக்குதலில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிகள். தண்டு ஆயத்தம் என அறிவிக்கப்பட்டபின் 1 நிமிடத்துக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெஞ்ச் பிரஸில் தண்டைத் தாழ்த்த ஒரு கட்டளை, அது மார்பில் அசைவற்று நின்றபின் உந்த ஒரு கட்டளை, தாங்கியில் திரும்ப வைக்க ஒரு கட்டளை. ஸ்குவாட்டுக்கு இரண்டு. டெட்லிஃப்ட்டில் இறக்குவதற்கு மட்டும் ஒன்று. கட்டளைக்கு முந்தினால், எடை முழுதும் உயர்ந்திருந்தாலும் முயற்சி செல்லாது. ஒரு பிரிவில் மூன்று முயற்சிகளும் தவறினால் கூட்டு எடையே இல்லை. ஆகவே வலு இருந்தும் செவி தவறியதால் தோற்பது இவ்விளையாட்டில் இயல்பாக நிகழக்கூடியது.

கிளர்ச்சியின் அளவு

மேடையேறுமுன் அமோனியாவை முகர்வதும், முதுகில் அறையச் செய்வதும், உரக்கக் கத்துவதும் இக்களத்தில் வழக்கம். இவற்றை மன ஒருமை எனக் கொள்வது பிழை. கிளர்ச்சி மிகுந்தால் மனம் கவனிக்கும் குறிப்புகளின் பரப்பு சுருங்கும் என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959இல் விளக்கினார். முதலில் தேவையற்ற குறிப்புகள் நீங்கும், இது நன்மையே. கிளர்ச்சி மேலும் ஏறினால் தேவையானவையும் நழுவும். நடுவரின் குரல் அவ்வாறு நழுவக்கூடியது. இதனை விதிகளோடு பொருத்தினால், ஒரே கட்டளையுள்ள டெட்லிஃப்ட் தாங்கும் கிளர்ச்சியை மூன்று கட்டளைகளுள்ள பெஞ்ச் பிரஸ் தாங்காது என்று கருத இடமுண்டு. பயிற்சிக் காலத்திலேயே தோழர் ஒருவரைக் கட்டளையிடச் செய்து, ஒவ்வொரு முறையும் வேறு கால அளவு காக்கவைத்துப் பழகுவது இதற்குத் தக்க வழி.

கவனத்தை எங்கு வைப்பது என்பதும் ஒரு வினா. உடலுறுப்பின் அசைவில் கவனம் வைப்பதைவிட, அவ்வசைவு வெளியே உண்டாக்கும் விளைவில் வைப்பது செயலைச் சீராக்கும் என்பது கேப்ரியேல் வுல்ஃப் முதலானோரின் ஆய்வுகள் காட்டும் போக்கு. 'தொடையை இறுக்கு' என்பதைவிடத் 'தரையை மிதித்துத் தள்ளு' என்பதே டெட்லிஃப்ட்டுக்கு உகந்த உட்சொல்.

முயற்சிகளுக்கு இடையில்

போட்டி பல மணி நேரம் நீள்கிறது. தூக்கும் நேரமோ சில நொடிகள். இடைப்பட்ட பொழுது முழுவதும் கவனத்தை இறுக்கி வைப்போர் மேடைக்கு வருமுன்னரே களைத்துவிடுவர். முயற்சி முடிந்த 1 நிமிடத்துக்குள் அடுத்த எடையை அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் எடையை முந்தையதைவிடக் குறைக்க இயலாது. போட்டியாளரின் எடை கண்முன் நிற்கையில் தம் அளவை மறவாதிருப்பது எளிதன்று.

இதற்கு அண்டைத் துறையான பளுதூக்குதலில் தமிழ்நாட்டுச் சான்று உண்டு. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் 77 கிலோ பிரிவில் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்ச்சில் 144 கிலோ தூக்கினார். இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 கிலோ தூக்கி முந்தினார். கிளீன் அண்டு ஜெர்க்கில் சதீஷ் 173 கிலோவை உயர்த்த, ஆலிவர் 171 கிலோவில் தவறினார். மொத்தம் 317 கிலோவுடன் தங்கம் உறுதியானபின், சதீஷ் தம் இறுதி முயற்சியை மேற்கொள்ளவில்லை.