காலுக்கேற்ற காலணி: வாங்குவோர் அறிய வேண்டியவை

'தோல்' என்னும் ஒரே சொல் தமிழில் நம் உடலைப் போர்த்தியிருப்பதையும் குறிக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்பட்டு உலகெங்கும் செல்லும் பொருளையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று உரசுவதால் உண்டாகும் நோய்களுடன் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலர். காலணியை மாற்றினாலே தணியக்கூடிய அரிப்புக்கு மாதக்கணக்கில் களிம்பு பூசி வருவோர் அவர்களுள் உண்டு. பொருந்தாத செருப்பால் வந்த சிறு புண்ணைக் கவனியாமல் விட்டு, பின்னர் விரலையே இழக்கும் நீரிழிவு நோயாளரும் உண்டு. ஆகவே காலணி வாங்குவது உடல்நலத்தோடும் நுகர்வோர் உரிமையோடும் தொடர்புடைய செயலாகும்.

காலணி ஒவ்வாமை

பாதத்தின் மேற்புறத்திலும் விரல்களின் மேலும், செருப்பின் வார் படியும் இடத்திலும், இரு கால்களிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், தோல் தடித்தல் ஆகியன தோன்றினால் காலணி ஒவ்வாமையை நினைக்க வேண்டும். பலர் இதனைச் சேற்றுப்புண் என்று கருதி, கடையில் கேட்டு வாங்கிய மருந்தைத் தடவிக்கொள்கின்றனர். சேற்றுப்புண் பெரும்பாலும் விரலிடுக்கில் தொடங்கும். காலணி ஒவ்வாமை பெரும்பாலும் விரலிடுக்கை விட்டுவிடும்.

காரணம் தோல் மட்டுமன்று. இரப்பரைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்கள், ஒட்டுவதற்கான பசை, சாயம் ஆகிய எதுவும் காரணமாகலாம். தோலைப் பொறுத்தவரை முதன்மையானது குரோமியம். இன்று உலகில் பதனிடப்படும் தோலின் பெரும்பகுதி குரோமிய உப்பைக் கொண்டே பதனிடப்படுகிறது. பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் எளிதில் தோலை ஊடுருவாது. பதனிடுதலில் குறையிருந்தாலோ, வெப்பமும் ஒளியும் படுமாறு சேமித்தாலோ அதில் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். அது வியர்வையில் எளிதில் கரைந்து உடல் தோலுக்குள் புகும். நம் பகுதியின் கோடையில் காலுறையின்றிப் பூட்ஸ் அணிவோர்க்கு இடர் மிகுதி.

எந்தப் பொருள் காரணம் என்பதை ஒட்டுப் பரிசோதனையால் அறியலாம். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம். மேலும் ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் பார்ப்போம். பரிசோதனைக்கு வரும்போது ஐயத்துக்குரிய காலணியையும் கையோடு கொண்டுவாருங்கள்.

நம் ஊர் கற்ற பாடம்

வாங்குவோரின் பாதுகாப்புக்காக வகுக்கப்படும் விதி உற்பத்தியையே மாற்ற வல்லது என்பதற்கு வேலூர், ஆம்பூர் வட்டாரமே சான்று. தோலில் பூஞ்சை படராதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. புற்றுநோயை உண்டாக்கும் அமீன்களை வெளியிடும் சில அசோ சாயங்களை 1994இல் தடை செய்தது. ஏற்றுமதியையே நம்பியிருந்த நம் தொழிற்சாலைகள் மாற்று வேதிப்பொருள்களுக்கு மாறின. 1997இல் இந்திய அரசும் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. 2015 மே 1 முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது.

அயல்நாட்டு வாங்குவோருக்காக இத்துணைச் சோதனைகளைக் கடந்து பொருள் செய்யத் தெரிந்த ஊர் இது. அதே அக்கறையை உள்ளூர்க் கடையில் நாமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை பலவகைக் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியுள்ளது; சிறு உற்பத்தியாளர்க்குச் சில விலக்குகள் உண்டு. முத்திரையுடன் அச்சிடப்பட்ட உரிம எண் உண்மையானதா என்பதைப் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கு

நீரிழிவாலோ தொழுநோயாலோ பாதம் உணர்ச்சி குன்றியவர்களுக்குக் காலணி மருந்துக்கு ஒப்பானது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் படும் அழுத்தமே இத்தகைய பாதத்தில் புண்ணை உண்டாக்குகிறது என்பதை வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் எடுத்துக்காட்டினர். 'எம்.சி.ஆர்.' என வழங்கும் மென்மையான நுண்துளை இரப்பர்ச் செருப்பு பரவுவதற்கு வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த பணிகள் பெரிதும் துணை புரிந்தன.

இன்று அப்பெயரைச் சொல்லிச் சாதாரணச் செருப்பை விற்போரும் இருக்கக்கூடும். வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்:

• உள் அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டவுடன் பழைய நிலைக்கு மீள வேண்டும்.
• அடி அட்டை முள்ளும் ஆணியும் ஊடுருவாத உறுதியுடன் இருக்க வேண்டும்.
• உள்ளே ஆணியோ, உறுத்தும் தையலோ இருத்தல் கூடாது.
• குதிகாலைப் பற்றும் பின்வார் வேண்டும். விரலிடுக்கில் செல்லும் வார் வேண்டாம்.
• மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்; அப்போது அளவு பாருங்கள். நோயாளர் வர இயலாவிடில், நின்ற நிலையில் அவர் பாதத்தின் எல்லையைத் தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள்.

புதுச் செருப்பை முதல் நாள் அரைமணி நேரம் அணியச் செய்து, பாதத்தில் சிவந்த இடம் உண்டா என்று வீட்டார் பார்க்க வேண்டும். உணர்ச்சியற்ற கால் தானாக முறையிடாது.

குறை கண்டால்

2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிகமெனக் கருதுகிறது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்னும் பலகையால் இவ்வுரிமை அழிந்துவிடாது.

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். உங்கள் தோலுக்கு ஒரு பொருள் ஒவ்வவில்லை என்பதனாலேயே காலணி குறையுடையதாகிவிடாது. செயற்கைப் பொருளை அசல் தோல் என்றும், சாதாரண இரப்பரை எம்.சி.ஆர். என்றும் சொல்லி விற்றால் அது பொய்யுரைத்து விற்றலாகும். அதற்கு நீங்கள் பரிகாரம் கோரலாம். வாங்கும்போதே அப்பெயரை ரசீதில் எழுதித் தரக் கேளுங்கள்.

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிட்டாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிடில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் அளிக்கலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமன்று. பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. அச்சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் செலுத்த வேண்டியிருக்கும்.

ஆகவே கோபத்தில் செருப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதையும் பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பாதத்தின் நிலையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலையும் சேர்த்து வையுங்கள். கட்டணம் பெற்று வழங்கும் மருத்துவச் சேவையும் இத்தகைய சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. எனவே மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் ரசீது கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

பாதத்தில் புண்ணோ கொப்புளமோ கண்டால் மட்டும் புகாரின் முடிவுக்காகக் காத்திராதீர்கள். அந்தக் காலணியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். புகாருக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணுக்கு 2 நாள் அவகாசம்கூட இல்லை.