பெயரில்தான் புழு... வயிற்றில் இல்லை!

"ராத்திரியெல்லாம் வயித்து வலின்னு பையன் துடிச்சான். ஸ்கேன் ரிப்போர்ட்டுல 'வெர்மிஃபார்ம் அப்பெண்டிக்ஸ்'னு இருக்கு. டிக்‌ஷனரியைப் புரட்டினா 'புழு மாதிரி'ன்னு போட்டிருக்கு. 'அப்பவே சொன்னேனே, பூச்சித் தொல்லைதான்'னு மாமியார் விளக்கெண்ணெயை எடுத்துட்டாங்க!"

இப்படி ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், நாம் முதலில் சொல்ல வேண்டியது: "அந்த விளக்கெண்ணெயைக் கீழே வையுங்க!"

லத்தீன் மொழியில் 'வெர்மிஸ்' என்றால் புழு. 'ஃபார்மா' என்றால் வடிவம். இரண்டும் சேர்ந்து 'வெர்மிஃபார்ம்' - அதாவது, புழு வடிவம் கொண்டது. பெருங்குடலின் ஆரம்பத்தில், வலது அடிவயிற்றில் தொங்கும் சிறு குழாய்க்கு, அதன் தோற்றத்தை வைத்து இட்ட பெயர் இது. நீளம் சராசரியாக 9 செ.மீ. லத்தீன்காரர் கண்ணுக்கு அது புழு. நம் கண்ணுக்கோ வால். அதனால்தான் 'குடல்வால்' என்கிறோம்.

பாயசத்துக்குப் போடும் சேமியாவுக்கு இத்தாலியில் 'வெர்மிசெல்லி' என்று பெயர். அர்த்தம், குட்டிப் புழுக்கள்! அதற்காக யாராவது பாயசத்தை ஒதுக்குகிறோமா, என்ன? நிஜமான குடற்புழுவை டாக்டர்கள் 'ஹெல்மின்த்' என்பார்கள். அது கிரேக்கச் சொல். பூச்சி மாத்திரையை 'ஆன்ட்டிஹெல்மின்திக்' என்பது அதனால்தான்.

சரி, விளக்கெண்ணெய் ஏன் கூடாது? இறுகிய மலம் போன்றவை அடைத்துக்கொண்டால் குடல்வால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுத்தால் குடல் வேகமாகச் சுருங்கி, குடல்வால் வெடிக்கும் அபாயம் அதிகம். வெடித்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வமாக நிஜப் புழுவே உள்ளே புகுந்து அடைப்பதும் உண்டு. அப்போதும் பேதி மருந்து கூடாது.

பொதுவாக, வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி இருக்காது. குமட்டல், வாந்தி, லேசான ஜுரம் வரலாம். இருமினாலும் நடந்தாலும் வலி கூடும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அறிகுறிகள் மாறலாம். வெந்நீர் ஒத்தடம், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். உணவும் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

1735-ல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற சர்ஜன், 11 வயதுச் சிறுவனின் குடல்வாலை வெட்டி எடுத்தார். உள்ளே இருந்தது புழு அல்ல, அவன் விழுங்கிய குண்டூசி! பையன் பிழைத்துக்கொண்டான்.

பெயரைப் பார்த்து வைத்தியம் செய்யாதீர்கள். வலியைப் பார்த்து டாக்டரிடம் போங்கள்!