பேனாக்கத்தி: அலகும் பிடியும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க நூலகத்தில் வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஓர் அன்பர் வந்து அமர்ந்தார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு சிறிய மடக்குக் கத்திகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மகள் ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்தாள், சார். ஒன்று எனக்கு, ஒன்று கோயமுத்தூரில் இருக்கும் தம்பிக்கு. நான் எதை வைத்துக்கொள்வது? எனக்கு இருக்கும் வேலை ஒன்றுதான். அம்மாவுக்கு 88 வயது, பல் இல்லை. ஆப்பிளும் கொய்யாவும் மெல்லிசாகச் சீவிக் கொடுக்கவேண்டும். வீட்டுக் கத்தியில் சீவினால் துண்டு துண்டாகத்தான் வருகிறது" என்றார்.

உலோகத் தொழிற்சாலையில் காலம் தள்ளியவன் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். ஒரு கத்தி எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு நிற ஸ்விஸ் கத்தி, விக்டோரிநாக்ஸ். மற்றது பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல், 8ஆம் எண், பீச் மரப் பிடி. அதன் அலகில் 'கார்பன்' என்று முத்திரை இருந்தது. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேனாக்கத்தி என்ற பெயர் பறவை இறகுப் பேனாவின் முனையைச் சீவிய காலத்திலிருந்து வந்தது. இறகு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கடையில் இதை வாங்கப் போனால் இன்று கேட்கும் முதல் வார்த்தை 'என்ன ஸ்டீல்?' என்பது. பெட்டியின்மேல் எழுத்தும் எண்ணுமாக ஏதோ அச்சிட்டிருப்பார்கள். அதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: கார்பன், குரோமியம், சூடு.

இரும்புடன் கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு. நம் ஒப்பினெல் அலகில் இருப்பது சுமார் 0.9 சதவீதம். இந்த எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி போலக் கடினமாகிறது. கண்ணாடி போலவே உடையவும் செய்யும். எனவே மறுபடி 200 டிகிரியை ஒட்டி இளஞ்சூடு கொடுத்து, கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்கிறார்கள். கத்தியின் உயிர் இந்த இரண்டாவது சூட்டில்தான் இருக்கிறது.

கார்பன் எஃகின் குறை துரு. அதற்கு மருந்து குரோமியம். 12, 13 சதவீதம் குரோமியம் சேர்ந்துவிட்டால் அலகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் ஒன்று தானாகவே படர்ந்து காப்பாற்றுகிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்காக ஆராய்ச்சி செய்தபோது இத்தகைய எஃகை வார்த்தார். 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன். கத்திக்கு இது நன்றாக உதவும் என்று அவர் சொன்னதை ஊரிலுள்ள கத்தித் தொழிலாளர்கள் முதலில் ஏற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலிகூடச் செய்தார்கள். பழைய எஃகுக்குப் பழகிய கை. புதிய எஃகோ ஆயிரம் டிகிரியை ஒட்டிக் காய்ச்சினால்தான் சரியாகக் கடினமாகும்.

அந்தக் கேலி நம் வீடுகளில் இன்னும் வாழ்கிறது. 'எவர்சில்வர் கத்தியில் கூர் நிற்காது' என்று சொல்லாத பாட்டி உண்டா? பாட்டியின் வார்த்தையில் பாதி உண்மை. சமையலறைப் பாத்திரங்களுக்குப் பெயர்போன எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, கார்பன் மிகமிகக் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது. கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு வேறு சாதி. அதில் நிக்கல் கிடையாது அல்லது பெயருக்குத்தான் இருக்கும், கார்பன் உண்டு. ஒரு காந்தத்தை எடுத்துப் பாருங்கள். நல்ல கத்தி அலகில் 'டக்'கென்று ஒட்டும். சாம்பார்ப் பாத்திரத்தில் பெரும்பாலும் ஒட்டாது.

ஸ்விஸ் கத்தியின் அலகில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 14 சதவீதத்தை ஒட்டி. அதன் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56. வைர முனை ஒன்றை 150 கிலோ சுமையில் அழுத்தி, எவ்வளவு பதிகிறது என்று பார்த்துச் சொல்லும் எண் இது. ஒப்பினெல் அதைவிட ஓரிரு எண் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் இந்த வேறுபாடு தெரியுமா என்றால், கூர் தீட்டிய முதல் வாரம் தெரியாது. மூன்றாவது வாரம் தெரியும்.

இதற்கு மேலே போனால் விலை உயர்ந்த எஃகுகள். ஜப்பானின் விஜி-10, அமெரிக்காவில் 2001இல் வந்த எஸ்30வி. இந்த இரண்டாவதில் கார்பன் 1.45, வனேடியம் 4 சதவீதம். உலோகத்தைத் தூளாக்கி, மறுபடி அழுத்தித் திரட்டிச் செய்கிறார்கள். கூர் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால்? வனேடியமும் கார்பனும் சேர்ந்து உண்டாகும் நுண்துகள்கள் நம் ஹார்டுவேர் கடைக் கார்பொரண்டம் கல்லைவிடக் கடினமானவை. கல் தேயும், கத்தி லேசில் மசியாது. வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். மாங்காய் நறுக்க இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்பது என் கட்சி. வீட்டில் இருக்கும் கல்லில் பத்து நிமிடத்தில் தீட்ட முடிகிற கத்தியே வீட்டுக்கு ஏற்ற கத்தி. அதற்கு 55 முதல் 58 வரை கடினம் போதும்.

சூடு என்றேன் அல்லவா? அதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல. என் தகப்பனாரிடம் ஷெஃபீல்டு பேனாக்கத்தி ஒன்று இருந்தது. வெற்றிலைக் காம்பு கிள்ள, உறை பிரிக்க, பென்சில் சீவ எல்லாம் அதுதான். பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அதைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். சைக்கிள் சக்கரம் சுழன்றது, தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறந்தது. நானும் கைதட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அலகின் ஓரத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கோடு. அழகாகத்தான் இருந்தது. அந்த நீலம் அலகு 300 டிகிரியை எட்டியதற்கு அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. 200 டிகிரியில் பதம் பார்த்து வைத்த எஃகு அந்த ஓரத்தில் இளகிவிட்டது. அதன் பிறகு அந்தக் கத்தி காலையில் தீட்டினால் மாலையில் மழுங்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை பிளேடால் சீவ ஆரம்பித்தார். சாணைக்காரர்மேல் குற்றமில்லை, அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் கனமான இரும்பு, அது சூட்டைத் தாங்கும். மெல்லிய அலகைக் கொடுத்தவன் நான். சிறு கத்தியைத் தண்ணீர் விட்ட கல்லில் கையால்தான் தீட்டவேண்டும்.

இந்தச் சூட்டு விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1790களில் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குத் தென்னிந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். 'உக்கு' என்பது ஆங்கிலேயர் வாயில் 'ஊட்ஸ்' ஆயிற்று. மூசையில் உருக்கிய இந்த எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம் வரை இருக்கும். பாங்க்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளி அதில் செய்து பார்த்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! அடித்து நீட்டுவது பெரும்பாடாக இருந்தது. இருட்டில் மட்டுமே தெரியும் மங்கிய செந்நிறச் சூட்டுக்குமேல் அவர் போகவில்லை. முடிந்தபின் அது இங்கிலாந்தின் சிறந்த எஃகுக்குச் சமமாக வெட்டியது. ஜார்ஜ் பியர்சன் 1795இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. பின்னாளில் ஸ்டோடார்ட், தம் கடையில் இந்திய எஃகுக் கத்திகள் கிடைக்கும் என்று அட்டை அச்சடித்தே விளம்பரம் செய்தார்.

எஃகை விட்டு வடிவத்துக்கு வருவோம், ஏனென்றால் நண்பரின் அம்மாவுக்கு வேண்டியது அதுதான். ஆப்பிளில் ஒரு தடித்த அலகை இறக்கினால், எவ்வளவு கூராக இருந்தாலும் பழம் வெட்டுப்படாமல் பிளக்கும். ஆப்பு விறகைப் பிளப்பது போல. முரட்டு வேலைக்கென்று 3 மில்லிமீட்டருக்கு மேல் கனத்தில் செய்யும் மடக்குக் கத்திகள் பார்வைக்குக் கம்பீரம், பழத்துக்கு உதவாது. ஒப்பினெல் அலகு முதுகிலேயே 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, அங்கிருந்து ஓரம்வரை சீராக மெலிந்து போகிறது. எட்டரை சென்டிமீட்டர் நீளம். மெல்லியதாகச் சீவ இதற்கு ஈடு சொல்வது கஷ்டம்.

இனி பிடி. பிடியின் குணத்தை அழகில் பார்க்காதீர்கள், ஈரத்தில் பாருங்கள். மரம் கைக்கு இதமானது. குளிர்காலத்தில் ஜில்லிடாது, வியர்வையில் வழுக்காது. ஆனால் தண்ணீர் குடிக்கும். ஒப்பினெலைக் கழுவி ஈரத்தோடு மடக்கினால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்துத் திறக்க முடியாது. சவாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம், பிடியின் பின்முனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவது. அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுக்கலாம். 1955இல் இந்தக் கத்திக்குச் சுழலும் உலோக வளையம் ஒன்றைப் பூட்டாகச் சேர்த்தார்கள். திறந்த அலகு விரல்மேல் மடங்காதிருக்க அந்த வளையத்தைத் திருப்ப மறக்கவேண்டாம். ஸ்விஸ் கத்தியின் சாதாரண மாதிரிகளில் பூட்டே இல்லை, வில் மட்டும்தான்.

ஸ்விஸ் கத்தியின் சிவப்புப் பிடி பிளாஸ்டிக், செல்லிடார் என்பார்கள். தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் கரையும், கல் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். இதே நிறுவனத்தின் அலுமினியப் பிடி மாதிரிகள் இன்னும் மெல்லியவை, உழைப்பவை. 1961 முதல் பல்லாண்டு ஸ்விஸ் படைவீரரிடம் இருந்தது அலுமினியப் பிடிதான்.

பழைய கத்திகளில் கொம்பும் எலும்பும் காணலாம். எருமைக் கொம்பு வழவழப்பாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் நெளியும், அலமாரியில் மறந்தால் பூச்சி அரிக்கும். ஷெஃபீல்டு, ஸோலிங்கன் கத்திகளின் புகழ்பெற்ற சொரசொரப்பான மான்கொம்புப் பிடியில் பெரும்பகுதி நம் காட்டுக் கடமான் உதிர்த்த கொம்பு. அதன் ஏற்றுமதி 1990களில் தடை செய்யப்பட்டது. மான்கொம்பு, தந்தம் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் விலை கேட்காமல் விலகிவிடுவது நலம், வனவிலங்குச் சட்டம் பொல்லாதது. செல்லுலாய்டுப் பிடிக்கு வேறொரு வியாதி: வயதாக ஆக அமில ஆவி விட்டு, பக்கத்திலுள்ள அலகையே துருப்பிடிக்கச் செய்யும்.

புதுப் பெயர்களைக் கண்டு மலைக்கவேண்டாம். மைகார்ட்டா என்பது துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து அழுத்தியது, நம் மேசைமேல் ஒட்டும் சன்மைக்காவின் உறவு. ஜி-10 கண்ணாடி இழை; ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு அதன் தம்பி. இரண்டும் ஈரத்துக்கு அசையாதவை. டைட்டானியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல பிரஷர் குக்கர் வாங்கலாம்.

கார்பன் அலகு வைத்திருப்பவருக்கு இன்னொரு வார்த்தை. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பது எல்லோரும் பார்த்ததுதான். காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு மை. கடுக்காய் மை செய்த முறையும் இதுவே. கொய்யா, நெல்லிக்காய்க்கும் இது நடக்கும். எலுமிச்சை, புளிப்பு மாங்காய் பட்டால் அலகு சாம்பல் நிறமாகும். இந்தக் கறை துரு அல்ல, ஒரு வகையில் காவல். முதல் சில வாரம்தான் பழத்தில் இரும்பு வாசனை தெரியும். செந்நிறமாகப் படர்வதுதான் துரு. வெட்டி முடித்தவுடன் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் வராது. சென்னையில் தேங்காய் எண்ணெய் போதும். தில்லி ஜனவரியில் அது கீல் இடுக்கில் உறைந்துபோய்க் கத்தி திறக்க மறுக்கும்! மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் இங்கே நல்லது.

துடைக்கும் பழக்கம் இருந்தால் மரப்பிடி, தொட்டியில் போட்டுவிடும் வழக்கமானால் சிவப்பு என்று நண்பரிடம் சொன்னேன். அவர் மரப்பிடியை வைத்துக்கொண்டார். பொங்கலுக்குப் பார்த்தபோது, "ஆப்பிளில் அரிவாள்மணை வாசனை அடிக்கிறது, இதிலேயே நறுக்கு என்கிறார் அம்மா" என்றார். இதே கத்தி துருப்பிடிக்காத அலகிலும் கிடைக்கிறது, 'இநாக்ஸ்' என்று முத்திரை இருக்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் குறிப்பிடுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை விலக்கு. நம் பேனாக்கத்தி அதில் பாதிகூட இல்லை. பொத்தானை அழுத்தினால் துள்ளித் திறக்கும் கத்தி மட்டும் வேறு கதை, அதைத் தொடவேண்டாம். விமானத்தில் போகும்போது கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறந்துபோய் ஒரு நல்ல கத்தியைச் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தவன் சொல்கிறேன்.