சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல ஃபிரேமைப் பாருங்க!

‘டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார்னு ஆசையா வாங்கினேன். ஒரே மாசம்... முழங்கால் பிடிச்சுக்கிச்சு. இப்ப வராந்தாவுல நிக்குது, துண்டு காயப் போட உதவுது!’

இப்படிப் புலம்புகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம்! பல சமயங்களில் குற்றம் முழங்காலில் இல்லை. உடம்புக்குப் பொருந்தாத ஃபிரேமில்தான் இருக்கிறது.

கியர் இல்லாத ‘சிங்கிள் ஸ்பீடு’ சைக்கிள் நமக்குப் புதுசல்ல. அப்பா ஆபீஸுக்கு ஓட்டிப் போன கறுப்பு சைக்கிளும் அந்த ரகம்தான். இன்று மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பாரோடு ரோடு சைக்கிளாகவும் அது கிடைக்கிறது. ரிப்பேர் குறைவு, செலவும் குறைவு. ஆனால், மேம்பாலம் ஏறும்போது பளுவைக் குறைத்துக்கொள்ள கியர் கிடையாது. அந்தப் பளு நேரே முழங்காலுக்குத்தான் போகும். அதனால்தான் இதில் ஃபிரேம் சரியாக அமைவது ரொம்ப முக்கியம். சீட், டயர், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் பிற்பாடு மாற்றலாம். ஃபிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள்!

உங்கள் அளவு என்ன?

‘வளர்ற பிள்ளை, பெரிசாவே கொடுங்க’ என்று வாங்கிவிட்டு, பிள்ளை குரங்கு பெடல் போட்ட காலம் நினைவிருக்கிறதா? அந்தத் தப்பு இனி வேண்டாம்.

வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை, சீட்டில் உட்கார்ந்தது போல் அழுத்தமாக மேலே ஏற்றுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதை 0.66-ஆல் பெருக்கினால் ரோடு சைக்கிள் ஃபிரேமின் உத்தேச அளவு கிடைக்கும். 80 செ.மீ. என்றால், சுமார் 53 செ.மீ. ஃபிரேம்.

கடையில் சைக்கிளின் மேல் பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே 2, 3 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். மண் பாதையில் ஓட்டுவதென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

‘சீட்டை ஏத்திக்கலாம் சார்’ என்பார் கடைக்காரர். ஏற்றலாம்தான். ஆனால், சீட் கம்பியில் ஒரு எல்லைக் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி வெளியே இழுத்தால் ஆபத்து! சீட் ரொம்பத் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும். சுலபமான சோதனை ஒன்று... பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

நீளமும் முக்கியம்

உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இப்போது பல ஃபிரேம்களில் மேல் பார் சரிவாக இருக்கிறது. அதனால், எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்ப முடியாது. சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கினால் நல்லது. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கழுத்து, தோள்பட்டை வலியும், உள்ளங்கை மரத்துப் போவதும் வரலாம்.

செயினுக்கு வழி உண்டா?

செயின் லூஸானால் சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார்? பின் சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்குவார். அதற்கு ஃபிரேமில் படுக்கைவாட்டில் நீண்ட வெட்டு இருக்க வேண்டும். கியர் சைக்கிளுக்கான பல ஃபிரேம்களில் வெட்டு மேலும் கீழுமாகத்தான் இருக்கும். அதில் சக்கரத்தை இழுக்க முடியாது. செயினை இறுக்கிப் பிடிக்க தனியாக ஒரு பாகம் பொருத்த வேண்டும். இதை அலட்சியப்படுத்தினால், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்று கீழே விழ நேரும்.

நீண்ட வெட்டினால் இன்னொரு லாபமும் உண்டு. பின் பல்சக்கரத்தில் 16 பல்லுக்குப் பதில் 18 போட்டால் மிதிப்பது லேசாகும், முழங்காலும் தப்பிக்கும்!

ஒரு எச்சரிக்கை... பந்தய மைதானத்துக்கான ‘டிராக்’ ஃபிரேம்கள் சிலவற்றில் பிரேக் மாட்டவே இடம் இருக்காது. ரோட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

குண்டும் குழியுமா?

பெல்ஜியத்தில் குளிர்காலத்தில் ‘சைக்ளோகிராஸ்’ என்ற பந்தயம் பிரபலம். சேறு, மணல் எல்லாம் தாண்டி, சில இடங்களில் சைக்கிளைத் தோளில் சுமந்தும் ஓடுவார்கள். சேறு அடைக்காமல் இருக்க, அந்த ஃபிரேமில் டயரைச் சுற்றி தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். நம் மழைக்கால ரோடுகளுக்கும் இது பொருந்தும். அகலமான டயர் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போது முதுகுக்கு அதிர்ச்சி குறையும். மட்கார்டுக்கும் இடம் கிடைக்கும்.

எந்த உலோகம்?

ஸ்டீல் கொஞ்சம் கனம். ஆனால், உழைக்கும், வெல்டிங் வைக்கவும் முடியும். துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியம் லேசானது, ஆனால் விரிசல் விட்டால் சரிசெய்வது சிரமம். கார்பன் இன்னும் லேசு, விலையும் அதிகம். பழைய கார்பன் ஃபிரேமில் விரிசல் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். அதனால் செகண்ட் ஹேண்டில் அது வேண்டாம். எந்தப் பழைய ஃபிரேமானாலும் குழாய்கள் சேரும் இடங்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே முழங்கால், முதுகுப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

மற்றவர்கள் கடைக்குக் கிளம்பும்போது, தையல் டப்பாவில் இருக்கும் அளவு டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கலரை அப்புறம் பார்த்துக்கலாம்!