எலியின் குருதியில் உயர்ந்த நொதியம்

புற்றுநோய் கண்ட உடலில் நொதியங்களின் செயற்பாடு மாறுபடும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயமாகும். கட்டி வளரும் எலிகளின் ஈரலில் கற்றலேஸ் எனும் நொதியத்தின் செயற்பாடு வீழ்ச்சியடைவதையும், கட்டியை அகற்றியதும் அது மீள்வதையும் 1942 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான கிரீன்ஸ்டீனும் அண்டர்வொன்டும் எடுத்துக்காட்டினர். கட்டி இருந்ததோ வேறிடத்தில், தளர்ந்ததோ ஈரல். ஆயினும் கட்டிக்கும் நொதியத்துக்குமுள்ள தொடர்பு அங்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது.

லக்டேற் டிஹைட்ரோஜினேஸ் எனும் நொதியத்தின் கதை இவ்வளவு நேரானதன்று. பைருவேற்றை லக்டேற்றாக மாற்றும் இந்நொதியம் ஏறத்தாழ உடலின் எல்லா இழையங்களிலும் உண்டு. கலங்கள் சிதையும்போது அது குருதியிற் கலக்கின்றது. கட்டி பதிக்கப்பட்ட எலிகளின் குருதியில் இதன் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஆகவே கட்டியே காரணம் என எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் கட்டி கண்ணுக்குப் புலப்படுமுன்னரே நொதியம் உயர்ந்துவிடுவதை வேர்னன் றைலியும் அவரது சகாக்களும் கவனித்தனர். கட்டியுள்ள எலியின் குருதித் தெளிவிலிருந்து கலங்களை முற்றாக நீக்கி, எஞ்சியதை ஆரோக்கியமான எலிகளுக்கு ஏற்றினர். அவ்வெலிகளிலும் சில நாட்களுக்குள் நொதியம் உயர்ந்தது. உயர்ந்தது உயர்ந்தபடியே வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. கட்டி மட்டும் தோன்றவில்லை! காரணம் ஒரு வைரஸ். ஆய்வுக்கூடங்களில் எலிக்கு எலி மாற்றப்பட்டுவந்த கட்டிகளோடு அதுவும் அழையா விருந்தாளியாகப் பயணித்திருந்தது. 26 வகையான எலிக் கட்டிகளுடன் அது சேர்ந்திருந்தமை 1960 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

வைரஸ் செய்யும் வேலையும் விசித்திரமானதே. குருதியிலிருந்து இந்நொதியத்தை அகற்றும் ஒருவகை விழுங்கு கலங்களை அது அழிக்கின்றது. வழமைபோல் வந்துசேரும் நொதியம் அகற்றுவாரின்றித் தேங்குகின்றது. வரவு கூடியதாற் பெருகியதென்று நம்பப்பட்டது, உண்மையில் செலவு குறைந்ததால் விளைந்த பெருக்கமாகும்.

இந்த வைரஸ் எலிகளுக்குரியது. மனிதரைத் தொற்றுவதாக அறியப்படவில்லை. நொதியமோ மனிதரிலும் அளக்கப்படுகின்றது. நிணநீர்ப் புற்றுநோய், விதைப் புற்றுநோய் போன்றவற்றின் தீவிரத்தை மதிப்பிட வைத்தியர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஈரல் நோயிலும், மாரடைப்பிலும், செங்குருதிக் கலங்கள் சிதையும் நோய்களிலும் அதே இலக்கம் உயரும். குருதி எடுக்கும்போது கலங்கள் குழாய்க்குள்ளேயே உடைந்தாலும் உயரும். அறிக்கையில் அந்த ஓர் இலக்கத்தைக் கண்டு வீடே கலங்குமுன், இரண்டாவது தடவை குருதி எடுத்துப் பார்க்கும்படி வைத்தியர் கூறுவது இதனாலேயே.