படுவான்கரையும் பஸ் வண்டியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாகப் பரந்திருப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் நோக்கி நம் முன்னோர் இட்ட அழகிய பெயர்கள் இவை. நெல்லும் பாலும் தருவது மேற்குக் கரை. எனினும் பெரிய ஆஸ்பத்திரி, கந்தோர், கல்லூரி முதலியவற்றுள் பெரும்பாலானவை கிழக்குக் கரையிலேயே அமைந்துவிட்டன.

திரௌபதை அம்மன் கோயிலாற் புகழ்பெற்ற பழுகாமத்தை எடுத்துக்கொள்வோம். போரதீவுப் பற்றைச் சேர்ந்த இவ்வூரார் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியை அடைந்து, அங்கிருந்து பெருந்தெரு வழியே மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ செல்லல் வேண்டும். வடக்கே மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, மக்களும் வாகனங்களும் ‘பாதை’ என்னும் மிதவையிலேயே அக்கரை சேர்ந்தனர். பாலம் வந்தது பெரும் பேறு. ஆயினும் பாலத்தின்மீது ஓடப் பஸ் வேண்டும். பஸ்ஸில் ஏறக் கையிற் காசு வேண்டும்.

இந்தக் காசு எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். 2022 ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம், அவ்வாண்டு ஜூலையில் 40 ரூபாயாயிற்று. முழுக் கட்டணம் செலுத்தும் இரு பிள்ளைகள் நாள்தோறும் போய் வருவதற்கு 160 ரூபாய். இருபது பள்ளி நாட்களுக்கு 3,200 ரூபாய். ஜனவரியில் இதே பயணத்துக்கு 1,360 ரூபாயே போதும். அதுவும் மிகக் கிட்டிய தூரத்துக்கே. நாட்கூலியை நம்பியிருக்கும் தகப்பன், இரு பிள்ளைகளுள் எவரை நிறுத்துவது என்று எண்ணத் தலைப்படுவானாயின், அவனை நாம் குறை கூற முடியுமா? 

இலங்கையில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் கட்டணமில்லை, ஆனால் பள்ளிக்குச் செல்லும் வழியிற் கட்டணம் உண்டு. இவ்விடைவெளியை நிரப்ப வந்த ஏற்பாடுகளுள் தலையாயது, 1958 ஜனவரி முதலாந் தேதி தனியார் கம்பெனிகளின் பஸ் சேவைகளை அரசு பொறுப்பேற்று நிறுவிய இலங்கைப் போக்குவரத்துச் சபையாகும். கூட்டம் மிகுந்த வழிகளில் வரும் இலாபத்தைக் கொண்டு, கூட்டம் குறைந்த கிராம வழிகளின் நட்டத்தை ஈடுசெய்வது அதன் முறை. நகரத்தான் கொடுத்த சில சதங்கள் நாட்டுப்புறத்தானையும் சுமந்து சென்றன எனலாம்.

1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. வண்டிகள் பெருகின, நன்மையும் விளைந்தது. ஆனால் இலாபந் தரும் வழிகளையே தனியார் நாடினர். நட்டந் தரும் வழிகள் சபையின் தலையில் விழுந்தன. அவற்றை ஈடுசெய்யும் இலாபமோ கைநழுவிற்று. அன்றுமுதல் கிராமத்துப் பஸ் திறைசேரியின் தயவை எதிர்நோக்கலாயிற்று.

இன்று மாணவருக்குச் சலுகை விலையில் பருவச்சீட்டு உண்டு. பாதிக் கட்டணத்தில் ஏற்றிச் செல்லும் ‘சிசு செரிய’ என்னும் பாடசாலைச் சேவையும் உண்டு. இவை போற்றத்தக்கவை. எனினும் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பருவச்சீட்டு அரசாங்கப் பஸ்ஸுக்கே உரியது. காலையில் அந்தப் பஸ் வராத ஊரில், பிள்ளையின் சட்டைப்பையில் உள்ள சீட்டு வெறுங் கடதாசியே. அவன் தனியார் வண்டியில் முழுக் கட்டணங் கொடுக்க வேண்டும், அல்லது வெயிலில் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணஞ் செய்கின்றனர். லக்சம்பர்க் நாட்டில் 2020 மார்ச் முதல் பொதுப் போக்குவரத்து எல்லார்க்கும் இலவசம். இவற்றைக் கேட்டு நாம் வியக்கலாம். ஆனால் இலவசச் சீட்டாலும் பயனடைபவர் வண்டி ஓடும் வழியில் வாழ்பவரே. ஆதலால் வாவிக்கரைக் கிராமத்துக்கு முதலில் வேண்டியது, சீட்டுக்குத் தரும் மானியத்தோடு, வண்டி ஓடுவதற்குத் தரும் மானியமுமாகும். பள்ளி தொடங்குமுன் ஒன்று, பள்ளி விட்டபின் ஒன்று, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குச் செல்லும் முதியோர்க்கு ஏற்ற வேளையில் ஒன்று: இம்மூன்று ஓட்டங்களேனும் தவறாது நடைபெற்றால் ஒரு கிராமத்தின் நாள் ஒழுங்குபடும்.

“நட்டத்தில் ஓடுகிறதே!” என்பர் சிலர். பள்ளிக்கூடம் ஆண்டிறுதியில் இலாபக் கணக்குக் காட்டுகிறதா? ஆஸ்பத்திரி காட்டுகிறதா? அவற்றின் பயன் வேறிடத்தில் விளைகிறது. பஸ்ஸின் பயனும் அவ்வாறே. வீணும் ஊழலும் களையப்படவேண்டியனவே. அவற்றைக் காரணங் காட்டி வழியையே மூடுவது, களைக்கு அஞ்சி வயலைத் தரிசாக விடுவதாகும்.

நமக்கும் கடமையுண்டு. காசு கொடுத்துச் சீட்டைக் கேட்டுப் பெறுவோம். வண்டியைப் பழுதாக்காது காப்போம். பஸ் வராத நாட்களைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் தேதியிட்டுக் குறித்து வைத்து, சாலை முகாமையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் சமர்ப்பிக்கலாம். வாய்முறைப்பாடு மறக்கப்படும், தேதியோடு கூடிய பட்டியலுக்கு விடை கூறியே ஆகவேண்டும்.