அம்மா, அப்பாவோட யெல்லோஸ்டோன் ஏரிக்கரைக்கு ஆர்.வி.யில் போறீங்களா? புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க கோடையில் விமானம் ஏறும் பெற்றோர் நம்ம ஊரில் ஏராளம். நயாகரா, நியூயார்க் எல்லாம் பார்த்து முடித்த குடும்பங்களின் அடுத்த திட்டம் பெரும்பாலும் ஆர்.வி. பயணம்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி அது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு வண்டியிலேயே ரசம் வைத்துக் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி.

அந்த வண்டியை ஓர் ஏரிக்கரையில் நிறுத்தித் தங்க வேண்டும் என்றால் பலரும் முதலில் தேடுவது வயோமிங் மாநிலத்தில் உள்ள யெல்லோஸ்டோன் ஏரி. 1872-ல் அறிவிக்கப்பட்ட, உலகின் முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது இது. பரப்பளவு சுமார் 340 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,357 மீட்டர் உயரம். அதாவது ஊட்டி நகரத்தை விட உயரம். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தாலே பாதி தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

முதலில் கட்டணக் கணக்கு. பூங்காவுக்கு ஒரு காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும் என்பதுதான் பழக்கமான கட்டணம். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது இல்லை. ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 200 டாலர்! வெளிநாட்டவருக்கான வருடாந்திர பாஸ் 250 டாலர். இந்த ஒரு பூங்காவோடு திரும்புவதாக இருந்தால் இரண்டு பேருக்கு பாஸ் லாபமில்லை. பக்கத்திலேயே இருக்கும் கிராண்ட் டீட்டனும் அந்த 11-ல் ஒன்று என்பதால், இரண்டையும் பார்ப்பவர்கள் பாஸ் பக்கம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, வண்டியை எங்கே நிறுத்துவது? ஏரியை ஒட்டி மூன்று பெரிய கேம்ப் மைதானங்கள் இருக்கின்றன: ஃபிஷிங் பிரிட்ஜ், பிரிட்ஜ் பே, கிராண்ட் வில்லேஜ். பெயரைப் பார்த்து எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்று இணைப்பும் வண்டிக்கே கிடைப்பது பூங்கா முழுக்கத் தேடினாலும் ஃபிஷிங் பிரிட்ஜில் மட்டும்தான். குளியலறை, துணி துவைக்கும் இடமும் உண்டு. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மரங்களுக்கு நடுவே இருக்கும் இடம் அது, கரைக்குக் கொஞ்சம் நடக்கணும். பிரிட்ஜ் பேயில் சில இடங்களிலிருந்து ஏரி தெரியும், படகுத் துறையும் பக்கம். ஆனால் அங்கே குளியலறை கிடையாது. கிராண்ட் வில்லேஜில் குளிக்கலாம், துவைக்கலாம். கடைசி இரண்டிலும் வண்டிக்கு மின் இணைப்பு இல்லை.

மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் இருக்கே என்று தோன்றலாம். இரவில் அதை ஓட்ட அனுமதி இல்லை. இங்கேதான் பல வீடுகளில் மறந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா தூங்கும்போது சிபாப் மெஷின் போடுபவரா? இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியவரா? அப்படியானால் வண்டியின் பேட்டரி ஒரு ராத்திரி முழுக்கத் தாங்குமா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஏரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஃபிஷிங் பிரிட்ஜ்தான் சரி.

அந்த இடத்துக்கு இன்னொரு விதி உண்டு. கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. துணிக் கூடாரம், துணி மடிப்பு வைத்த டிரெய்லர் எதுவும் கூடாது. காரணம் கரடி. ஏரியிலிருந்து யெல்லோஸ்டோன் ஆறு வெளியேறும் இடம் அது. முட்டையிட வரும் டிரவுட் மீன்களைத் தேடி கரடிகள் வந்து பழகிய பகுதி. பாலத்தின் பெயரிலேயே மீன்பிடிப்பு இருந்தாலும், 1973 முதல் அதன் மேலே நின்று தூண்டில் போடத் தடை.

நம்ம சமையலுக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. வெளியே மேசையில் குக்கரைத் திறந்து வைத்துவிட்டு போட்டோ எடுக்கப் போவது, மிச்சம் மீதியை மரத்தடியில் கொட்டுவது இரண்டும் கூடவே கூடாது. காக்காவுக்குச் சோறு வைக்கும் பழக்கத்துக்கும் அங்கே விடுமுறை விட வேண்டியதுதான். சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட் வரை வாசனை வரும் எதுவானாலும் பயன்படுத்தாத நேரத்தில் வண்டிக்குள் பூட்டி வைக்கணும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதன் உயிருக்கே ஆபத்தாக முடியும். கரடி, ஓநாய் என்றால் குறைந்தது 91 மீட்டர், காட்டெருமை என்றால் 23 மீட்டர் தள்ளி நிற்பது சட்டம். கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டு வர முடியாது, அங்கே போய்த்தான் வாங்கணும்.

கரடியை விட அதிகம் பயப்பட வேண்டியது உண்மையில் தண்ணீருக்குத்தான். ஏரி டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் உறைந்தால், பனி உருகி முடிய மே கடைசி, ஜூன் தொடக்கம் ஆகிவிடும். தண்ணீரின் சராசரி வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ். இதில் விழுந்தவர் 20 முதல் 30 நிமிடம் தாங்குவதே கடினம் என்கிறது பூங்கா நிர்வாகம். நீச்சல் தெரிந்தவர் என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. அந்தக் குளிரில் முதலில் மூச்சு திணறும், பிறகு கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் அலைகளும் எழும். படகில் போவதென்றால் காலையிலேயே, எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய் வந்துவிடுவது நல்லது. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏரியின் மேற்குப் பக்கம் வெஸ்ட் தம்ப் என்ற இடத்தில் கரையோரமாகவே வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும். பக்கத்தில் ஜில்லென்ற ஏரி, காலடியில் கொதிநீர் என்று பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் மரப்பாதையை விட்டு ஓர் அடி கூட இறங்கக் கூடாது. மேல் மண் மெல்லிய ஓடு மாதிரிதான் இருக்கும். யெல்லோஸ்டோனில் வேறு எந்த இயற்கை அம்சத்தையும் விட வெந்நீர் ஊற்றுகளால் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள்தான் அதிகம். சின்னக் குழந்தைகளைக் கையில் பிடித்தபடியே நடத்த வேண்டிய இடம் இது.

கோடையிலும் சில இரவுகளில் உறைநிலையைத் தொடும் குளிர் உண்டு. ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் எடுத்துப் போகலாம். குளிருக்காக கரி அடுப்பை வண்டிக்குள் கொண்டு வருவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தி நம்ம மலைப் பகுதிகளிலிருந்தும் வருவதுண்டு. வண்டியை எடுக்கும்போதே அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிடணும். இதயம், மூச்சுப் பிரச்சினை உள்ள பெரியவர்கள் இந்த உயரத்துக்குப் போகலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

குழந்தைகள் கரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்பதுதான் முக்கிய ஆசை என்றால், தெற்கே கிராண்ட் டீட்டன் பூங்காவில் ஜாக்சன் ஏரிக்கரையில் உள்ள கோல்டர் பே இன்னும் பொருத்தம். கூழாங்கல் கரை, எதிரே மலைத்தொடர், மூன்று இணைப்பும் உள்ள ஆர்.வி. பார்க். இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு ஃபிஷிங் பிரிட்ஜ் என்று பிரித்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் அலைச்சல் குறையும்.

ஏரியை ஒட்டிய அந்த மூன்று மைதானங்களுக்கும் முன்பதிவு ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடும், ஜூலை தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் தினமும் ரத்தாகும் இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புக் பண்ணும்போது வண்டியின் மொத்த நீளத்தைச் சரியாகக் குறிப்பிடணும், இல்லையென்றால் போய் நின்ற பிறகு இடத்துக்குள் வண்டி நுழையாது. பூங்காவுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. மேப், புக்கிங் விவரம் இரண்டையும் முந்தின நாளே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.